அரியர் விழுந்த பிறகு புரிந்த டிஃபரன்ஷியல் ஜியோமெட்ரி

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. கணிதத்தில் நான்காம் ஆண்டு படிக்கும்போது டிஃபரன்ஷியல் ஜியோமெட்ரியை விருப்பப் பாடமாக எடுத்தேன். வளைவரைகளையும் பரப்புகளையும் கால்குலஸ் வைத்து ஆராயும் பாடம் அது. நவம்பரில் தேர்வு எழுதினேன். நூற்றுக்கு 34. பாஸ் மார்க் 50. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு, கல்லூரியில் அதுவரை ஒரு அரியர்கூட இல்லை. ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அழுதது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த ஏப்ரலில் திரும்ப எழுதி 71 வாங்கிவிட்டேன். இடையில் போனது ஆறு மாதம், கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய், ஒரு கோடை விடுமுறை. என்ன நடந்தது என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்து வந்தேன். முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஏன் எடுத்தேன் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பள்ளியில் வடிவியல் எனக்குப் பிடிக்கும். காம்பஸை வைத்து வட்டம் போடுவது, தொடுகோடு வரைவது எல்லாம் கையோடு வந்த விஷயம். ஒரு சீனியர் அக்கா வேறு, “அதுல வளைவு, பரப்புன்னு படம் படமா வரும், ஸ்கோரிங் பேப்பர்” என்று சொல்லியிருந்தார். அவர் அந்தப் பாடத்தை எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தோம். பாடத்திட்டம் வழக்கமானதுதான்: முப்பரிமாணத்தில் வளைவரைகள், பரப்புகள், பரப்பு ஒரு புள்ளியில் எப்படி வளைகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் காஸ் வளைவு, பரப்பின் மேல் நேர்கோட்டின் இடத்தில் நிற்கும் ஜியோடெசிக், கடைசியில் காஸ் வளைவைப் பரப்பு முழுவதற்கும் தொகையிட்டால் என்ன வரும் என்று சொல்லும் காஸ்–போனே தேற்றம். வெளிநாடுகளில் இளங்கலைக் கடைசி ஆண்டில் வைப்பதும் ஏறக்குறைய இதுதான்.

முதல் நாள் வகுப்பில் சார் கேட்ட முதல் கேள்வி, “இன்வர்ஸ் ஃபங்ஷன் தியரம் எல்லாருக்கும் தெரியும்தானே?” ஒன்பது தலையும் ஒரே நேரத்தில் ஆடியது. “லீனியர் அல்ஜீப்ரா?” மறுபடி ஆடியது. சரி என்று அவர் போர்டு பக்கம் திரும்பிவிட்டார். அந்த இரண்டு தலையாட்டலுக்குத்தான் பிறகு நான் இவ்வளவு விலை கொடுத்தேன். பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. அந்த இன்வர்ஸ் ஃபங்ஷன் தியரத்தின், அதாவது நேர்மாறு சார்புத் தேற்றத்தின், வாசகத்தை மூன்றாம் ஆண்டுத் தேர்வில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அது எதற்குப் பயன்படும் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன், அவ்வளவுதான்.

முதல் நான்கு வாரம் வளைவரைகள். இதுதான் இந்தப் பாடத்தின் பொறி என்று இப்போது சொல்வேன். வேகத்தைக் கணக்கிடு, வளைவைக் கணக்கிடு, டார்ஷன் என்கிற முறுக்களவைக் கணக்கிடு. எல்லாமே வகையிட்டுக்கொண்டே போனால் விடை வந்து நிற்கும். இவற்றை இணைக்கும் ஃப்ரெனே–செரே சமன்பாடுகளை ஒரு பக்கத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். சுருள்படிக்கட்டுப் போல ஏறும் ஹெலிக்ஸுக்கு வளைவும் மாறிலி, முறுக்களவும் மாறிலி என்று வந்தபோது அவ்வளவு சந்தோஷம். முதல் இன்டர்னலில் இருபதுக்கு 18. வீட்டுக்கு போன் செய்து சொன்னேன். வாரத்துக்கு நாலு வகுப்பு, வெளியே நாலைந்து மணி நேரப் படிப்பு, இது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். சேருகிறவர்கள் யாராயிருந்தாலும் சொல்கிறேன், வளைவரைகளில் வரும் மார்க்கை நம்பாதீர்கள். அங்கே ஒரே ஒரு மாறி. முதலாண்டு கால்குலஸ் தெரிந்த யாரும் ஓட்டிவிடலாம்.

ஐந்தாவது வாரம் பரப்புகள் தொடங்கின. பரப்பு என்றால் என்ன என்று சொல்லவே இரண்டு வகுப்பு ஆனது. பரப்பின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு துண்டை எடுத்தால், அந்தத் துண்டு தளத்தின் ஒரு பகுதியிலிருந்து மழமழப்பாக வர வேண்டும், திரும்பிப் போகும்போது எதுவும் கிழியக் கூடாது, வகைக்கெழு எங்கும் நசுங்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கோளம் என்றால் கோளம், அதற்கு எதற்கு இத்தனை சடங்கு? கோளம் முழுவதையும் ஒரே துண்டால் மூட முடியாது, அட்சரேகை தீர்க்கரேகை வைத்தாலும் துருவத்தில் போய்ச் சிக்கும், அதனால்தான் துண்டு துண்டாகப் பார்க்கிறோம் என்று சார் சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். வகுப்பில் ஏதாவது புரியவில்லை என்றால் உடனே மனசு சொல்லும் காரணம், “எனக்கு இங்கிலீஷ் வராது, அதான்.” ரெகுலர், நார்மல் என்று அன்றாடம் பழகிய சொற்களே இந்தப் பாடத்தில் வேறு அர்த்தத்தில் வருவது உண்மைதான். ரெகுலர் என்றால் எங்கள் ஊரில் தினமும் கடைக்கு வருகிற ஆள். ஆனால் என் பிரச்சினை மொழி இல்லை. மொழிதான் பிரச்சினை என்று நம்பியதால் உண்மையான ஓட்டையைத் தேடாமலேயே ஆறு வாரம் கடத்திவிட்டேன். தமிழ் வழியில் வந்தவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். புரியாத பத்தியை எடுத்து, வாய்விட்டுத் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். தமிழிலும் சொல்ல வரவில்லை என்றால் குறை இங்கிலீஷில் இல்லை.

அடுத்த குளறுபடி புத்தகங்களால் வந்தது. வகுப்புக்கு டு கார்மோ எழுதிய புத்தகம். அது கனமாக இருக்கிறதே என்று பிரெஸ்லி எழுதியதையும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 2,300 ரூபாய். இரண்டுமே நல்ல புத்தகங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் டு கார்மோ முறுக்களவுக்கு வைத்திருக்கும் குறி மற்ற பல புத்தகங்களுக்கு நேர்மாறு. வளைவரை வளையும் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பைநார்மல் வெக்டரின் வகைக்கெழுவில் மற்றவர்கள் கழித்தல் குறி போடும் இடத்தில் அவர் போடுவதில்லை. அதனால் அதே ஹெலிக்ஸுக்கு ஒன்றில் நேர்மறை விடை, மற்றொன்றில் எதிர்மறை. நான் வரையறையை ஒன்றிலிருந்தும் சூத்திரத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துப் போட்டு, விடை ஒத்துப்போகவில்லையே என்று இரண்டு ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டேன். பரப்புக்கு வந்தபோது இது இன்னும் மோசமாயிற்று. பரப்பு தன் தொடுதளத்தை விட்டு எப்படி விலகுகிறது என்று சொல்லும் இரண்டாம் அடிப்படை வடிவத்தின் குணகங்களுக்கு இருவரும் வேறு வேறு எழுத்துகள். செங்குத்து வெக்டரின் வகைக்கெழுவை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டு கழித்தல் குறியைப் பிறகு சேர்க்கிறார், மற்றவர் முதலிலேயே சேர்த்துவிடுகிறார். காஸ் வளைவு தப்பிவிடும், ஏனென்றால் அது இரண்டு முதன்மை வளைவுகளின், அதாவது ஒரு புள்ளியில் பரப்பு வளையும் மீப்பெரு, மீச்சிறு அளவுகளின், பெருக்கல். குறி இரண்டும் சேர்ந்து மாறினால் பெருக்கல் மாறாது. சராசரி வளைவு கூட்டலில் வருவது, அது மாட்டிக்கொள்ளும். எனக்குச் சில கணக்கு சரியாகவும் சில கணக்கு தப்பாகவும் வந்துகொண்டே இருந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவே இல்லை. இன்று என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த எழுத்து எதற்கு, எங்கே என்ன குறி, செங்குத்து வெக்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக அந்தப் பட்டியலுக்கு அதை மாற்றி எழுதிக்கொள்வேன். கால் மணி நேர வேலை.

இரண்டாவது இன்டர்னலில் இருபதுக்கு 5. அன்றைக்கே சாரிடம் போயிருக்க வேண்டும். அவர் கதவு திறந்தேதான் இருக்கும். புதன், வெள்ளி மதியம் சந்தேகம் கேட்க வரலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போய், உள்ளே வேறு யாரோ இருப்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். என்ன கேட்பது என்றே தெரியாத அளவுக்குப் புரியாமல் இருந்தது. அதைச் சொல்ல வெட்கம். இத்தனைக்கும் பாடத்தை விட்டு விலகக் கடைசித் தேதி போய்ப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது பேரில் நாலு பேர் அந்தத் தேதிக்குள் சத்தமில்லாமல் விலகிவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று நினைத்தேன். அவர்கள்தான் விவரமானவர்கள். சேர்ந்த அன்றே அந்தத் தேதியை போனில் குறித்து வைத்து, அதற்கு ஒரு வாரம் முன்பு, அன்றுவரை நடத்தியதில் ஒரு கணக்கையாவது புத்தகத்தைப் பார்க்காமல் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் விலகுவதில் அவமானம் எதுவும் இல்லை, அடுத்த வருடமும் பாடம் வரும்.

சாரிடம் போவதற்குப் பதிலாக நான் போன இடம் ஆன்லைன் டியூஷன். யாரோ கொடுத்த எண். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய், எட்டு வகுப்பு, 12,000. அவர் கெட்டிக்காரர்தான். நான் அனுப்பும் அசைன்மென்ட் கணக்குகளைத் திரையில் மளமளவென்று போட்டுக் காட்டுவார். நான் பார்த்து எழுதிக்கொள்வேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். திரையை மூடினால் ஒன்றும் இருக்காது. ஒரு தடவைகூட அவர் என்னைப் போடச் சொல்லவில்லை, நானும் போடுகிறேன் என்று சொல்லவில்லை. என் அம்மா ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு 250 ரூபாய் வாங்குவார். பன்னிரண்டாயிரம் என்றால் 48 பிளவுஸ். இந்தக் கணக்கை நான் அப்போது போடவில்லை, டிசம்பரில்தான் போட்டேன்.

தேர்வில் ஜெர்மன் கணிதவியலாளர் காஸின் தெயொரெமா எக்ரேஜியத்தை நிரூபிக்கக் கேட்டிருந்தார்கள். பரப்பின் மேல் உள்ள நீளங்கள் மாறாமல் அதை வளைத்தால் காஸ் வளைவும் மாறாது என்கிற தேற்றம். மூன்று பக்க நிரூபணத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அதில் கிறிஸ்டோஃபல் குறியீடுகள் என்கிற குணகங்கள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று எண்கள் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏழாவது வரியில் ஒரு கீழொட்டு இடம் மாறியது. அங்கிருந்து சமன்பாடு ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. எது மாறியது என்று தேடியே முக்கால் மணி நேரம் போயிற்று. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

அரியர் கட்டணம் சில நூறு ரூபாய்தான், அது பெரிதில்லை. எனக்கு உதவித்தொகை கொடுத்து வந்த அறக்கட்டளையின் விதிப்படி அரியர் இருப்பவர்களுக்கு இரண்டாம் தவணை கிடையாது. 15,000 நின்றது. விதியை எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததுதான். கோடையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் புராஜெக்ட் செய்ய விண்ணப்பிப்பதாக இருந்தேன். அதிலும் அரியர் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. விண்ணப்பப் படிவத்தை அந்தக் கட்டம் வரை நிரப்பிவிட்டு மூடி வைத்தேன். உதவித்தொகை உள்ளவர்கள் கடினமான விருப்பப் பாடத்தை எடுக்கும் முன் இந்த நிபந்தனைகளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். நான் படிக்கவே இல்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பிளவுஸ் துணியில் சாக்பீஸால் குறி போட்டு டாட் பிடித்துக்கொண்டிருந்தார், துணியை உள்பக்கம் மடித்துத் தைக்கிற கூரான மடிப்பு அது. சின்ன வயதிலிருந்து பார்த்த வேலை. அன்றைக்கு ஏனோ கேட்டேன், டாட் பிடிக்காமல் தைத்தால் என்ன என்று. “தட்டையான துணி கண்ணு. உடம்பு தட்டையாவா இருக்கு? பிடிக்கலைன்னா ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் சுருங்கி நிக்கும்” என்றார். கைக்கு மட்டும் டாட் கிடையாதே என்றேன். “கை குழாய் மாதிரிதானே. குழாய்க்குச் சுத்தித் தைச்சா போதும்.” ஊசி கையில் அப்படியே நின்றது. உருளைக்குக் காஸ் வளைவு பூஜ்ஜியம். தாளைக் கிழிக்காமல் மடிக்காமல் உருளையாகச் சுற்றலாம். கோளத்தின் மேல் ஒட்ட முடியாது, எங்காவது கிழிய வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். மூன்று பக்கம் மனப்பாடம் செய்தேனே, அது இதைத்தான் சொல்கிறது. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அப்படிப் பார்க்கவில்லை.

துணி முழுக்கத் தாள் மாதிரியும் இல்லை. கிராஸ் கட்டிங் வைத்து, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டினால் டாட் குறைவாக இருந்தாலும் உடம்போடு படிந்து நிற்கும், ஏனென்றால் நெசவின் நூல்கள் நீளம் மாறாமல் இருந்தாலும் அவற்றுக்கு இடையே உள்ள கோணம் கொஞ்சம் மாறும். இதையே கணக்காகப் போட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷெவ், 1878இல் பாரிஸில் துணி வெட்டுவதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தியிருக்கிறார். ஊடும் பாவும் ஆயத்தொலைக் கோடுகள், நூலின் நீளம் மாறாது, கோணம் மட்டும் மாறும். அந்தக் கோணம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்தே காஸ் வளைவைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் அடிப்படை வடிவம் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இந்த உதாரணத்தில்தான். ஆயத்தொலைக் கோடு ஒவ்வொன்றின் மேலும் நீளம் எவ்வளவு, அவை சந்திக்கும் கோணம் எவ்வளவு, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அன்று ராத்திரி அம்மாவிடம் அரியர் விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. “எவ்வளவு ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். அதற்கு பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜனவரியில் திரும்பி வந்து முதல் காரியமாக சாரிடம் போனேன். அவர் கேட்டது மூன்று கேள்வி. இரண்டு மாறிகளிலிருந்து முப்பரிமாணத்துக்குப் போகும் சார்புக்கு வகைக்கெழு என்பது என்ன, அதன் தரம், அதாவது ரேங்க், 2 என்றால் படத்தில் என்ன அர்த்தம்? ஒரு சமச்சீர் நேரியல் உருமாற்றத்தின் ஐகன் மதிப்புகளுக்கும், அலகு வட்டத்தின் மேல் அதன் இருபடி வடிவம் எடுக்கும் மீப்பெரு, மீச்சிறு மதிப்புகளுக்கும் என்ன உறவு? கோளத்தின் சமன்பாட்டிலிருந்து எந்தப் புள்ளிகளைச் சுற்றி மூன்றாவது ஆயத்தொலையைப் பிரித்து எழுத முடியாது? மூன்றுக்கும் எனக்குச் சரியான பதில் இல்லை. மூன்றுமே இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்கள். “நீ டிஃபரன்ஷியல் ஜியோமெட்ரியில ஃபெயிலாகல. அதுக்கு இன்னும் நீ வரவே இல்ல” என்றார். பழைய கடனை அடைக்காமல் புதுக்கடைக்குப் போயிருக்கிறேன், கடைக்காரர் பழைய நோட்டை எடுத்து வட்டியோடு காட்டினார். இப்போது இதை எடுக்கப் போகிறவர்கள் சேரும் முன் அந்த மூன்று கேள்விகளை எழுதிப் பாருங்கள். வகைக்கெழு என்பது ஒரு எண் அல்ல, தொடுதளத்துக்குப் போகும் ஒரு நேரியல் உருமாற்றம் என்பது பழகியிருந்தால் முதல் கேள்வி சுலபம். சமச்சீர் உருமாற்றம் தெரிந்தால் முதன்மை வளைவுகள் என்பது புதுப் பாடமே இல்லை, அதே ஐகன் மதிப்புகள்தான். மூன்றாவதற்கு விடை நிலநடுக்கோட்டுப் புள்ளிகள். ஏன் என்று சொல்ல, ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு மாறியை எப்போது பிரித்து எழுதலாம் என்று சொல்லும் உட்படு சார்புத் தேற்றம் வேண்டும். வராதவர்கள் கோடையில் ஒரு மாதம் அதற்கே ஒதுக்குங்கள். எனக்கு ஜனவரி முழுக்க அதற்கே போனது.

பிப்ரவரியிலிருந்து தினம் இரண்டு மணி நேரம். ஐந்து பரப்புகளை எடுத்துக்கொண்டேன்: தளம், உருளை, கோளம், டோரஸ், பிறகு தொங்கும் சங்கிலியின் வடிவத்தைச் சுழற்றினால் வரும் கேட்டனாய்டு. புதிதாக எந்த வரையறை வந்தாலும் ஐந்துக்கும் கையால் கணக்கிடாமல் அடுத்த பக்கம் திருப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கணினியில் சேஜ்மேத் என்கிற கணித மென்பொருள் வைத்துச் சரிபார்ப்பேன், ஆனால் கையால் போட்ட பிறகுதான். டோரஸ் என்றால் நம் மெதுவடை. வெளி விளிம்பில் காஸ் வளைவு நேர்மறை, ஓட்டையை ஒட்டிய பக்கத்தில் எதிர்மறை, தட்டில் வைத்தால் தட்டைத் தொடுகிற வட்டத்தில் பூஜ்ஜியம். வடை முழுவதற்கும் தொகையிட்டால் கூட்டல் கழித்தல் போய்ச் சரியாகப் பூஜ்ஜியம். கடைசி அலகில் காஸ்–போனே வந்தபோது அது எனக்குப் பழைய தோழி மாதிரி இருந்தது, விடையை முன்னாடியே வடையில் பார்த்துவிட்டேனே. கேட்டனாய்டை எடுத்ததற்குக் காரணம், ஹெலிகாய்டு என்கிற சுருள் பரப்பும் அதுவும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். தகுந்த ஆயத்தொலைகள் எடுத்தால் இரண்டின் முதல் அடிப்படை வடிவமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நீளம் எதுவும் மாறாமல் வளைத்து மற்றொன்றின் மேல் போட்டுவிடலாம்.

நான் குழம்பிய மையமான இடம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பாடத்தில் எந்த அளவைப் பார்த்தாலும் இரண்டு தனித்தனிக் கேள்வி கேட்க வேண்டும். ஆயத்தொலைகளை மாற்றினால் இது மாறுமா? பரப்பை வளைத்தால் இது மாறுமா? நான் இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்திருந்தேன். முதல் அடிப்படை வடிவத்தின் மூன்று குணகங்கள் ஆயத்தொலையை மாற்றினால் மாறும். வீட்டின் அகலத்தை அடியில் சொல்வதும் மீட்டரில் சொல்வதும் போல, எண் மாறினாலும் வீடு மாறுவதில்லை. முதன்மை வளைவுகள் ஆயத்தொலையை மாற்றினால் மாறாது, ஆனால் தாளைச் சுருட்டினால் மாறும்: தட்டையில் இரண்டும் பூஜ்ஜியம், உருளையில் ஒன்று மட்டும் ஆரத்தின் தலைகீழ் ஆகிவிடும். காஸ் வளைவு இரண்டுக்கும் அசையாது. ஆச்சரியம் என்னவென்றால், அசைகிற இரண்டு எண்களைப் பெருக்கினால் அசையாத எண் வருகிறது. 1827இல் இதை எழுதியபோது காஸே இதற்கு “சிறப்பான தேற்றம்” என்று லத்தீனில் பெயர் வைத்தார். பெருமைக்கு வைத்த பெயர் என்று முன்பு நினைத்திருந்தேன்.

நிரூபணத்தையும் மனப்பாடத்திலிருந்து விடுவித்தேன். பரப்பின் ஒரு புள்ளியில் மூன்று திசை இருக்கிறது, தொடுதளத்தில் இரண்டு, செங்குத்தாக ஒன்று. இரண்டாம் வகைக்கெழுக்களை இந்த மூன்றில் பிரித்து எழுதினால் தொடுதளப் பக்கத்துக் குணகங்கள்தான் கிறிஸ்டோஃபல் குறியீடுகள். தொடு வெக்டர்களோடு உட்பெருக்கல் எடுத்தால் அவை முதல் அடிப்படை வடிவத்திலிருந்து மட்டுமே வருகின்றன என்று தெரியும். பிறகு மூன்றாம் வகைக்கெழுவை எந்த வரிசையில் எடுத்தாலும் ஒன்றுதான் என்று சமன்படுத்தினால், ஒரு பக்கம் காஸ் வளைவு நிற்கும், மறு பக்கம் கிறிஸ்டோஃபல் குறியீடுகளும் முதல் அடிப்படை வடிவமும் மட்டும் நிற்கும். முடிந்தது. முதலில் ஆயத்தொலைக் கோடுகள் செங்குத்தாக வெட்டும் நிலைக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள், பாதி உறுப்புகள் காணாமல் போகும். தேர்வுக் கணக்குகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

இன்னொன்று, பாடத்துக்கு வெளியே போகும் விஷயம்தான். ஹாஸ்டலிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது சில தடவை சென்னையில் பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டிப் போவேன். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன், நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் இந்திய முக்கோண அளவையைத் தொடங்க, முக்கோணங்களுக்கெல்லாம் அடிப்படையான முதல் அடிக்கோட்டை அளந்தது அந்த மலையை ஒட்டித்தான், சுமார் 12 கிலோமீட்டர். பிறகு காஸும் ஹானோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்தார். பூமியின் மேல் போட்ட முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் கொஞ்சம் கூடும். எவ்வளவு என்று ஒரு நாள் ரயிலில் வைத்தே கணக்குப் போட்டேன்: ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன எண்ணைத் துரத்திய மனுஷர்கள்தான் இந்தப் பாடத்தை உண்டாக்கினார்கள் என்று தெரிந்த பிறகு, குறியில் தப்பு வந்தால் வருகிற கோபம் எனக்குக் குறைந்துவிட்டது.

ஏப்ரல் தேர்வில் எக்ரேஜியம் வரவில்லை. டோரஸின் காஸ் வளைவைக் கேட்டிருந்தார்கள். எட்டாவது செமஸ்டரின் நாலு பேப்பரோடு சேர்த்து எழுதியதால் மற்ற ஒன்றில் மார்க் குறைந்தது, அதுவும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

மே மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் செபிஷெவ் கதையைச் சொன்னேன். பெரிய கணக்கு வாத்தியார், ஒரு பந்துக்குச் சுருக்கம் இல்லாமல் துணி போர்த்துவது எப்படி என்று வெட்டிக் காட்டினார் என்றேன். அம்மா மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். “பந்துக்குத் தைக்கறது என்ன பெரிய வேலை கண்ணு? பந்து கையைத் தூக்குமா, குனிஞ்சு கோலம் போடுமா?”